ஆங்கில இலக்கிய வகுப்பில் தமிழுக்கு என்ன வேலை?

ராபர்ட் ஓர்ம் எழுதிய கிழக்கிந்தியக் கம்பெனிப் போர் வரலாற்றின் இரண்டாம் தொகுதி 1778-ல் வெளியானது. அதில் ‘வாஷினலூர்’ என்றொரு கோட்டை வருகிறது. 1759-ன் கடைசியில் கம்பெனியின் படைத்தலைவர் யூசுப் கான் அதை முற்றுகையிடுகிறார்; பிடிக்க முடியாமல் திரும்புகிறார். முற்றுகையை முறிக்கப் படையோடு வந்து பாய்கிறவர் ‘புலிதாவர்’. அவருடைய இருப்பிடம் ‘நெல்லிடங்கவில்’. இடையன்குடியில் வாழ்ந்த ராபர்ட் கால்டுவெல் 1881-ல் திருநெல்வேலி மாவட்டத்தின் வரலாற்றை எழுதியபோது, இது வாசுதேவநல்லூர், இவர் பூலித்தேவர், இது நெற்கட்டும்செவல் என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்ல வேண்டியிருந்தது. 1767-ல் கர்னல் டொனால்டு கேம்பல் இதே கோட்டையைத் தாக்கிய கதையும் ஆங்கில ஆவணங்களில்தான் விரிவாக இருக்கிறது.

அதே காலத்துச் சண்டைகளைத் தமிழும் பாடியிருக்கிறது. நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை தேடிப் பதிப்பித்த ‘கான்சாகிபு சண்டை’ என்ற கதைப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. கம்பெனி எழுத்தர் ‘மஹமத் இசூஃப்’ என்று எழுதிய அதே யூசுப் கான் இங்கே கான் சாகிபாகக் குதிரையேறி வருகிறார். ஆங்கில நூலில் நாளும் படை எண்ணிக்கையும் உண்டு. பாடலில் அந்தப் போரை ஊர் எப்படி நினைவில் வைத்துக்கொண்டது என்பது உண்டு. இரண்டையும் அருகருகே வைத்து வாசிக்காமல் வாசுதேவநல்லூரின் பதினெட்டாம் நூற்றாண்டு முழுதாகப் பிடிபடாது.

இரண்டையும் வாசிக்கத் தகுந்தவர் யார்? இதே ஊரிலிருந்து காலைப் பேருந்து பிடித்து சங்கரன்கோவிலுக்கோ புளியங்குடிக்கோ ராஜபாளையத்துக்கோ பி.ஏ. ஆங்கிலம் படிக்கப் போகும் மாணவிதான். தமிழ் அவருடைய வீட்டு மொழி, ஆங்கிலம் அவருடைய பாடம். ஆனால் ஆறு செமஸ்டர் முடிவதற்குள் ஓர்மின் நூலையோ அந்தக் கதைப்பாடலையோ அவர் வகுப்பில் சந்திப்பது அரிது. சிறுநகரக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறை எதைப் படிப்பு என்று எண்ணுகிறது, எதை எண்ணுவதில்லை என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கணக்கில் வராத மொழிபெயர்ப்பு

தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பல்கலைக்கழகம் 1990-ல் தொடங்கியது. அதன் பின்னர், முன்பெல்லாம் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய் விடுதியில் தங்கிப் படிக்க வேண்டியிருந்த படிப்பு, பேருந்து தூரத்துக்கு வந்துவிட்டது. புளியங்குடியில் பல்கலைக்கழகமே மனோ கல்லூரியைத் தொடங்கியது. வாசுதேவநல்லூர் வட்டாரத்திலும் கல்லூரிகள் முளைத்தன. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறும் பெண்கள் அதிகம் சேரும் பிரிவுகளில் ஆங்கில இலக்கியமும் ஒன்று.

அந்த வகுப்பில் நடப்பதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையில் நான்கு வரி ஆங்கிலத்தில் வாசிக்கப்படும். அடுத்த பத்து நிமிடம் அதன் பொருள் தமிழில் சொல்லப்படும். ஷேக்ஸ்பியரின் நாடகம் முதலில் தமிழ்க் கதையாகத்தான் மாணவர் மனதில் இறங்கும். பிறகு அவர் தமிழில் புரிந்துகொண்டதை ஆங்கிலத்தில் எழுதப் பார்ப்பார். அது முடியாதபோது கைடு வரும், நோட்ஸ் வரும், மனப்பாடம் வரும். தேர்வுத் தாளைத் திருத்துகிறவர் கையில் கிடைப்பது கடைசியில் சொன்ன மனப்பாடம் மட்டும்தான். நடுவில் நடந்த மொழிபெயர்ப்புக்கு மதிப்பெண் இல்லை. துறையைப் பார்வையிட வெளியார் வரும் நாளில் அந்தத் தமிழ் விளக்கம் மறைத்து வைக்கப்படும் ஒன்றாகவும் ஆகிவிடுகிறது.

முதுகலைக்குப் போனால் மொழிபெயர்ப்பு ஒரு தாளாக வரலாம். பெரும்பாலும் அது விருப்பத் தாள். ரோமன் யாகப்சன் 1959-ல் மொழிபெயர்ப்பை மூன்று வகையாகப் பிரித்தது, யூஜின் நைடா 1964-ல் வடிவச் சமன்பாட்டையும் விளைவுச் சமன்பாட்டையும் வேறுபடுத்தியது, ஜே.சி. கேட்ஃபோர்டு 1965-ல் மொழியியல் அடிப்படையில் ஒரு கோட்பாடு எழுதியது, ஜேம்ஸ் ஹோம்ஸ் 1972-ல் கோபன்ஹேகனில் ‘மொழிபெயர்ப்பியல்’ என்று ஒரு துறைக்கு வரைபடம் போட்டது ஆகியவை அலகு அலகாக வரும். மாணவர் இவற்றைப் பற்றிப் பதினைந்து மதிப்பெண் கட்டுரை எழுதித் தேறுவார். ஒரு பக்கமாவது மொழிபெயர்த்துப் பார்க்காமலே மொழிபெயர்ப்புத் தாளில் முதல் வகுப்பு வாங்கிவிட முடியும். நீரில் இறங்காமல் நீச்சலுக்குச் சான்றிதழ் வாங்குவது போன்றது இது.

தாமிரபரணிக் கரையில் பிறந்த கோட்பாடு

மொழிபெயர்ப்பியல் ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய துறை என்ற எண்ணம் இந்த வட்டாரத்தின் வரலாற்றுக்கே பொருந்தாது. நூல் வகைகளை வரிசைப்படுத்தும் தொல்காப்பிய மரபியல், வழிநூலின் நான்கு வகைகளில் மொழிபெயர்ப்பையும் சேர்த்துச் சொல்கிறது. அது பழைய கதை என்று ஒதுக்குவோர்கூடப் பாளையங்கோட்டையை ஒதுக்க முடியாது.

ஜெர்மானியரான சி.டி.இ. ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார். விவிலியத்தின் தமிழ் ஆக்கத்தைத் திருத்தும் பொறுப்பு அவருக்கு இருந்தது. முந்தைய நூற்றாண்டில் ஃபப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு மூலத்தின் சொல் வரிசையை விடாமல் பற்றிக்கொண்டு போகிறது, தமிழர் காதுக்கு அது தமிழாக ஒலிக்கவில்லை என்பது ரேனியஸின் கருத்து. மறைநூலை மொழிபெயர்க்கும் நெறிகளைப் பற்றி, தமிழை முன்வைத்து, அவர் தனிக் கட்டுரை நூலே எழுதினார். அது நாகர்கோவில் அச்சகத்தில் 1827-ல் அச்சாயிற்று. சொல்லுக்குச் சொல்லா, பொருளுக்குப் பொருளா என்று நைடா விவிலிய மொழிபெயர்ப்பாளர்களுக்காக எழுதியதற்கு ஏறக்குறைய 140 ஆண்டு முந்தைய விவாதம் அது. பாட்டுக்காரர்களும் சபையாரும் பழைய மொழிபெயர்ப்பை விட மறுத்தது வரை அந்தச் சர்ச்சைக்கு நீண்ட வரலாறு உண்டு. எடின்பரோவில் பணிபுரியும் ஹெப்சிபா இஸ்ரேல் 2011-ல் வெளியிட்ட ஆய்வு நூல், தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளை வைத்து இதே வரலாற்றைப் பேசுகிறது.

அடுத்த தலைமுறை வேறு வழியில் போனது. கரையிருப்பில் பிறந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் 1678-ல் எழுதிய உரைநடைக் கதையை எடுத்து, மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் ‘இரட்சணிய யாத்திரிக’மாக 1894-ல் வெளியிட்டார். ஆங்கிலச் சிறைக்கைதி ஒருவர் எளிய மக்களுக்காக எழுதிய கதை, இங்கே கம்பன் வழிக் காப்பியமாக உருமாறியது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1891-ல், திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணீயம்’ நாடகத்தை வெளியிட்டார். லிட்டன் பிரபு எழுதிய ‘மறைவழி’ என்ற ஆங்கிலக் கதையே அதற்குக் கரு. ஆங்கிலக் கதைக்கரு, பாண்டிநாட்டுக் களம், தமிழ்ச் செய்யுள். அந்த நாடகத்தின் தொடக்கப் பகுதியிலிருந்துதான் தமிழ்த்தாய் வாழ்த்து எடுக்கப்பட்டது. சுந்தரம் பிள்ளையின் பெயரைத்தான் திருநெல்வேலிப் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. ஆங்கிலத் துறையின் பட்டச் சான்றிதழில் அச்சாகும் பெயரே ஒரு தழுவலாசிரியரின் பெயர்.

இந்தத் தழுவல் வழியை எதிர்த்து நின்றவரும் இதே ஊர்க் கல்லூரிக்காரர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பி.ஏ. படித்த புதுமைப்பித்தன், 1930-களில் தழுவலா மொழிபெயர்ப்பா என்று இலக்கிய இதழ்களில் மூண்ட விவாதத்தில் மொழிபெயர்ப்பின் பக்கம் நின்றார். பிறமொழிக் கதையின் ஆட்களுக்குத் தமிழ்ப் பெயரிட்டு, தமிழ் ஊரில் குடியேற்றுவது அவருக்கு ஒப்பவில்லை. உலகச் சிறுகதைகள் பலவற்றை அவரே மொழிபெயர்த்தார். அவருடைய சில கதைகளே மாப்பசானின் தழுவல்கள் என்ற வாதம் பின்னாளில் எழுந்ததும் இந்த வரலாற்றின் சுவையான பகுதி. ரேனியஸ், கிருஷ்ணபிள்ளை, சுந்தரம் பிள்ளை, புதுமைப்பித்தன் ஆகிய நால்வரையும் மூல நூல்களோடு வைத்துப் படித்தாலே ஒரு செமஸ்டர் தாளுக்குரிய கோட்பாடும் எடுத்துக்காட்டும் கிடைத்துவிடும். எம்.ஏ. மாணவர் நைடாவைப் படிக்கட்டும். ரேனியஸையும் தெரிந்துகொண்டு படித்தால், நைடா எதற்கு விடை தேடினார் என்பது அவருக்கு விளங்கும்.

‘இஸ்கூல்’ என்ற சொல்லுக்கு இலக்கணம்

ஆங்கில மொழியியல் தாளின் நிலைமையும் இதுதான். எஃப்.டி. வுட் எழுதிய ஆங்கில மொழி வரலாற்றுச் சுருக்க நூல் பல தலைமுறைகளாகத் தமிழ்நாட்டு ஆங்கில மாணவர் கையில் இருக்கிறது. கிரிம் விதி, உயிரொலிப் பெரும்பெயர்ச்சி எல்லாம் அதில் உண்டு. ஜெர்மானிய மொழிகளில் மெய்யொலிகள் எப்படி இடம் மாறின என்று ஒப்பிக்கும் மாணவிக்கு, ஐரோப்பாவில் வளர்ந்த அதே ஒப்பியல் முறையைத் திராவிட மொழிகளுக்குக் கொண்டுவந்து 1856-ல் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் பக்கத்து மாவட்டத்து இடையன்குடியில்தான் வாழ்ந்தார் என்பது பெரும்பாலும் தமிழ்த் துறை சொல்லித்தான் தெரியவரும்.

ஒலியியலில் ஒரு நல்ல விதிவிலக்கு உண்டு. ஹைதராபாத் ஆங்கில நிறுவனத்தில் பணியாற்றிய டி. பாலசுப்பிரமணியன் 1981-ல் எழுதிய ஒலியியல் பாடநூல், தலைப்பிலேயே இந்திய மாணவர்களுக்கு என்று சொல்லிக்கொண்டு வந்தது. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதைக் கணக்கில் கொண்டது. ஆனால் வகுப்பறையில் அதுவும் 20 உயிரொலி, 24 மெய்யொலிப் பட்டியலாகச் சுருங்கிவிடுகிறது. வாசுதேவநல்லூர்ப் பாட்டி ஏன் ‘இஸ்கூல்’ என்கிறார்? அதைப் பிழை என்று சிரித்துவிட்டுப் போகலாம். மொழியியல் வகுப்பில் அது பிழையல்ல, தரவு. தமிழில் மெய்யெழுத்து தனித்து நின்று சொல்லைத் தொடங்காது. ரகர, லகரங்களில் தொடங்கும் வடசொற்கள் தமிழுக்குள் வரும்போது முன்னால் உயிர் சேரும் என்று பதிமூன்றாம் நூற்றாண்டிலேயே பவணந்தியின் நன்னூல் வகுத்தது. அரங்கனும் உலகமும் அப்படி வந்தவை. பாட்டியின் நாக்கும் பவணந்தியின் விதியும் ஒரே ஒழுங்கில்தான் இயங்குகின்றன. இதை ஆங்கில ஒலியியலோடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொடுத்தால், தமிழ் பேசுகிறவர் ஆங்கிலத்தில் எந்த இடத்தில் தடுமாறுவார் என்பதை மாணவி முன்கூட்டியே கணித்துவிடுவார். பிற்பாடு அவர் பள்ளி ஆசிரியையாகப் போனால் அன்றாடம் உதவும் அறிவு அது.

தொடரமைப்பும் அப்படியே. தமிழில் பெயரெச்சத் தொடர் முழுவதும் பெயருக்கு முன்னால் அடுக்கிக்கொண்டு வரும்; ஆங்கிலத்தில் அது பெயருக்குப் பின்னால் போகும். வினை தமிழில் கடைசி இருக்கையில் உட்காரும். ஆங்கிலத்தில் எழுவாயை ஒட்டி வந்துவிடும். நான்கு வரி நீளும் ஒரு கி. ராஜநாராயணன் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பார்க்கிறவர், ஆங்கிலத் தொடரியல் பாடநூல் சொல்லும் பாதியைத் தம் கைப்பட உணர்ந்துவிடுவார். 1982-ல் கி.ரா. தொகுத்து வெளியிட்ட கரிசல் வட்டார வழக்கு அகராதி அந்த மேசையில் அவருக்குப் பக்கத்தில் இருக்கலாம். ஆங்கிலத் துறை நூலகத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

பக்கத்து ஊர்க் கதை ஆங்கிலத்தில்

சமகால இலக்கியத்துக்கு வந்தால் முரண் இன்னும் கூர்மையாகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. வத்திராயிருப்புப் பக்கத்து ஊரின் தலித் மக்கள் பேச்சிலேயே எழுதப்பட்ட தன்வரலாறு. இங்கிலாந்தில் வாழ்ந்த லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் செய்த ஆங்கில ஆக்கம் 2000-ல் வெளிவந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது; நாடெங்கும் ஆங்கிலத் துறைகளில் பாடமானது. வாசுதேவநல்லூரிலிருந்து சிவகிரி, ராஜபாளையம் தாண்டினால் எட்டிவிடும் ஊரின் கதையை மாணவி ஆங்கிலத்தில் வாசித்து, தமிழில் விளக்கம் கேட்டு, மறுபடி ஆங்கிலத்தில் தேர்வு எழுதுகிறார். தமிழ் மூலத்தை எடுத்து வைத்து, இந்த வசவு ஆங்கிலத்தில் என்ன ஆயிற்று, இந்த ஒப்பாரியின் ஓசை எங்கே போயிற்று என்று கேட்கும் வாய்ப்பு மும்பையிலோ டெல்லியிலோ படிப்பவருக்குக் கிடையாது. இங்கே இருப்பவருக்கு உண்டு. அதை வகுப்பு பயன்படுத்திக்கொள்வதில்லை.

கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணியின் ‘வெக்கை’ 1982-ல் வந்தது. அதைத் தழுவிய ‘அசுரன்’ படம் வெளியான 2019-ஆம் ஆண்டில்தான் என். கல்யாணராமன் மொழிபெயர்ப்பில் அது ஆங்கிலம் கண்டது. இடைவெளி 37 ஆண்டு. சோ. தர்மனின் ‘கூகை’ வசந்தா சூர்யாவின் மொழிபெயர்ப்பில் 2015-ல் ஆங்கிலத்தில் வந்தது. பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’யை மொழிபெயர்த்த ஜனனி கண்ணனுக்கும் சேர்த்து 2023-ல் ஜேசிபி பரிசு கிடைத்தது. கரிசலும் கொங்கும் ஆங்கிலத்துக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பயணத்தில் அந்தந்த மண்ணின் ஆங்கிலத் துறைகள் பங்காளிகளாக இருப்பது அரிதாகவே இருக்கிறது. ஆண்டுதோறும் இத்தனை ஆங்கிலப் பட்டதாரிகளை உருவாக்கும் ஒரு வட்டாரத்துக்கு இது பெருமை சேர்க்காது.

பெருநகரம்தான் இதற்குத் தேவை என்பதும் இல்லை. 2025-ல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற பானு முஷ்தாக் ஹாசன் நகரத்துக்காரர். அவருடைய கன்னடக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்ற தீபா பஸ்தி குடகு மலையின் மடிக்கேரியில் வாழ்பவர். பரிசுத் தொகையான 50,000 பவுண்டு எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதி. கன்னடத்தின் வாசனை ஆங்கிலத்தில் தெரியட்டும் என்று விட்டுவைப்பதே தம் முறை என்று பஸ்தி விளக்கியிருக்கிறார். இந்திய ஆங்கிலம் குறையுள்ள ஆங்கிலமல்ல, தனக்கென ஒழுங்கு கொண்ட ஒரு வகை என்று பிரஜ் கச்ரு போன்ற மொழியியலாளர்கள் நெடுங்காலம் வாதிட்டதற்கு நடைமுறைச் சான்றாகவே இதைக் கொள்ளலாம். மொழியியலும் மொழிபெயர்ப்பும் சமகால இலக்கியமும் மூன்று தனித்தனித் தாள்களாகக் கிடக்க வேண்டியதில்லை என்பதற்கும் இதுவே எடுத்துக்காட்டு.

பாடத்திட்டத்தில் எது இருக்கலாம் என்ற சண்டை வரும்போது மட்டும் ஆங்கிலத் துறை செய்தியில் அடிபடுகிறது. 2020 நவம்பரில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், மாணவர் அமைப்பு ஒன்றின் எதிர்ப்பையடுத்து, மாவோயிஸ்டுகளோடு காட்டில் தங்கியது பற்றிய அருந்ததி ராயின் நூலை எம்.ஏ. ஆங்கிலப் பாடத்திலிருந்து நீக்கியது. அதனிடத்தில் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணனின் ஆங்கிலக் கட்டுரைத் தொகுப்பை வைத்தது. 2021-ல் டெல்லிப் பல்கலைக்கழகம் பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளை ஆங்கில ஆனர்ஸ் பாடத்திலிருந்து எடுத்தது. புகார் வந்தவுடன் ஒரு நூலை எடுப்பது பல்கலைக்கழகத்துக்கு அழகல்ல. இரண்டு நிகழ்விலும் எழுந்த கண்டனம் நியாயமானது.

ஆனால் திருநெல்வேலியில் மாற்றாக வந்த பெயரைச் சற்று நின்று பார்க்கலாம். கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஆங்கிலம், தமிழ் இரண்டிலும் எழுதியவர். அவருடைய தந்தை, பெருங்குளத்தில் பிறந்த அ. மாதவையா, தமிழில் ‘பத்மாவதி சரித்திர’மும் ஆங்கிலத்தில் பாளையங்கோட்டைப் பெண்ணொருத்தியின் கதையான ‘கிளாரிந்தா’வும் எழுதியவர். பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசி அமர்ந்தவர், அங்கேயே உயிரிழந்தார். ஆங்கில நாவல் எழுதியவர் தமிழுக்காக வாதாடியபடி பல்கலைக்கழக மண்டபத்தில் இறந்த வரலாறு, அவருடைய மகனின் ஆங்கிலக் கட்டுரையைப் படிக்கும் எம்.ஏ. மாணவருக்குச் சொல்லப்பட வேண்டாமா?

சாட்சிக் கூண்டிலிருந்து மதுரை வரை

இலக்கியம் சோறு போடுமா என்று கேட்கும் பெற்றோருக்கும் விடை உண்டு. சங்கரன்கோவில் நீதிமன்றத்தில் சாட்சி தமிழில் பேசுகிறார். மேல்முறையீடு மதுரைக்குப் போனால், 2004 முதல் அங்கே இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையில் ஆவணங்கள் ஆங்கிலத்தில் வேண்டும். நடுவில் யாரோ மொழிபெயர்க்கிறார்கள். ‘அவன் வந்தான்’ என்பது நேரில் கண்ட சாட்சி. ‘அவன் வந்தானாம்’ என்பது பிறர் சொல்லிக் கேட்டது. ஒற்றை விகுதியில் தமிழ் காட்டும் இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் தனியாக எழுதிக் காட்டாவிட்டால், செவிவழிச் செய்தி நேர்ச்சாட்சியமாகிவிடும். சட்டம் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்வதில்லை. இலக்கணம் தெரியாத மொழிபெயர்ப்பு ஒருவருடைய விடுதலையையே புரட்டிப் போடக்கூடிய இடம் இது.

உச்ச நீதிமன்றம் 2019-ல் ‘சுவாஸ்’ என்ற இயந்திர மொழிபெயர்ப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் ‘பாஷினி’ 2022-ல் வந்தது. சென்னை ஐஐடியின் ஆய்வுக் குழு 2023-ல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு மாதிரி, அட்டவணை மொழிகள் 22-க்கும் பொதுவானது. இனி மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். இயந்திரம் முதல் வரைவைத் தரும்; அதைத் திருத்தவும், பொறுப்பேற்றுக் கையெழுத்திடவும் இருமொழி அறிந்த ஆள் வேண்டும். கரிசல் பேச்சு, நிலப்பத்திர நடை, வில்லுப்பாட்டு இவற்றுக்கெல்லாம் எழுத்துத் தரவு மிகக் குறைவு. இயந்திரம் அதிகம் சறுக்குவதும் அங்கேதான். அந்தத் தரவைத் திரட்டுவதற்கே பயிற்சி பெற்ற மாணவர்கள் தேவைப்படுவார்கள்.

வாய்ப்புகளுக்கும் பஞ்சமில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப்-2 முதன்மைத் தேர்வின் தமிழ்த் தகுதித் தாளில் மொழிபெயர்ப்பும் சேர்க்கப்பட்டது. தமிழ்நாடு பாடநூல் கழகம் ‘திசைதோறும் திராவிடம்’ திட்டத்தில் தமிழ் நூல்களை ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் கொண்டுவருகிறது. 2023 ஜனவரியில் தொடங்கிய சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் கண்காட்சி, மொழிபெயர்ப்பு நல்கையை மையமாக வைத்தே நடக்கிறது.

வகுப்புக்குள் தமிழ் வந்தால் ஆங்கிலம் கெடுமா?

எதிர்வாதம் வலுவானதுதான். ஆங்கிலம் பேச வேண்டும் என்றுதான் பிள்ளைகள் இந்தப் படிப்பில் சேர்கிறார்கள்; கல்லூரிக்கு வெளியே அவர்கள் ஆங்கிலம் கேட்கும் இடமே இல்லை; இருக்கிற ஐந்து மணி நேரத்திலும் தமிழைக் கொண்டுவந்தால் அவர்கள் எப்போதுதான் ஆங்கிலம் பேசுவார்கள் என்று கேட்கிறார்கள் ஆசிரியர்கள். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் தமிழ் ஏற்கெனவே வகுப்பில் இருக்கிறது. மாணவர் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கும் விளக்கமாக இருக்கிறது. அதை மாணவர் கையால் செய்யும் வேலையாக மாற்றினால் ஆங்கிலத்தின் பங்கு கூடுமே தவிரக் குறையாது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் நடத்திய ‘பெங்களூர்த் திட்டம்’, விதிகளை ஒப்பிப்பதைவிட ஒரு வேலையைச் செய்து முடிக்கும் முனைப்பில் மொழி நன்றாகப் படிகிறது என்ற எண்ணத்தில் அமைந்தது. அந்தத் திட்டம் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் பேசப்படுகிறது. ஒரு பத்தியை மொழிபெயர்த்து முடிப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். மொழி கற்பித்தலிலிருந்து மொழிபெயர்ப்பைத் துரத்தியது தவறு என்று கை குக் 2010-ல் ஒரு நூலே எழுதினார்.

இதற்குப் பெரிய திட்டம் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 மதிப்பெண் போக, அக மதிப்பீட்டுக்கு 25 கல்லூரியின் கையில் இருக்கிறது. அதில் ஒரு பகுதியை மொழிபெயர்ப்புக் கோப்புக்கு ஒதுக்கலாம்: செமஸ்டருக்குப் பத்துப் பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஏன் இப்படிச் செய்தேன் என்ற குறிப்பு. கால்டுவெல்லின் வாசுதேவநல்லூர்ப் பக்கங்களை ஒரு குழு தமிழாக்கட்டும். கான்சாகிபு பாடலின் ஒரு பகுதியை இன்னொரு குழு ஆங்கிலமாக்கட்டும். தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர் கூட உட்கார்ந்து திருத்தினால் இரு துறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவரும் கொஞ்சம் தளரும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறை பல ஆண்டுகளாகச் செய்துவரும் களப்பணி முறையைக் கடன் வாங்கலாம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அதன் ஆசிரியர்களை அழைக்கலாம்.

தடை ஒன்று மேலிருந்து வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், ஆசிரியர் ஒரு நூலை மொழிபெயர்த்தால் 8 புள்ளி. தேசிய அளவிலான பதிப்பகத்தில் சொந்த நூல் எழுதினால் 10. ஒரு நாவலை மொழிபெயர்க்கப் பிடிக்கும் இரண்டு மூன்று ஆண்டுகளில் யாரும் வாசிக்காத ஆய்வுக் கட்டுரைகள் சிலவற்றைப் போட்டுவிட்டால் அதைவிட அதிகப் புள்ளி சேர்ந்துவிடும். பதவி உயர்வுக்குக் காத்திருக்கும் உதவிப் பேராசிரியர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதில் மர்மம் இல்லை. தமிழ்நாடு அரசு உயர்கல்வி மன்றம் 2023-ல் பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது தன்னாட்சிக் கல்லூரிகள் எதிர்த்தன. எல்லோருக்கும் ஒரே பாடமா என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியின் இன்னொரு பக்கம், கல்லூரி தன் வட்டாரத்துக்கென்று எந்தத் தாளை உருவாக்கிக் காட்டியிருக்கிறது என்பது. தென்காசி மாவட்டத்தின் ஆங்கிலத் துறைகள் அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு ஒரு முன்மொழிவோடு போகலாம்: மொழிபெயர்ப்புத் தாளை விருப்பத்திலிருந்து முதன்மைக்கு மாற்றுவது, தேர்வில் பாதி மதிப்பெண்ணை அகராதி கையோடு உட்கார்ந்து மொழிபெயர்க்கும் பகுதிக்கு ஒதுக்குவது, நூற்பட்டியலில் ரேனியஸையும் கிருஷ்ணபிள்ளையையும் சேர்ப்பது.